அல்பிரட் மார்ஷல்: தொழிலையும் ஊரையும் சேர்த்துக் கண்ட பொருளியலறிஞர்

க.பொ.த. உயர்தர வகுப்பிற் பொருளியல் பயின்ற எவரும் அல்பிரட் மார்ஷல் என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும் ஒன்றையொன்று வெட்டி நிற்கும் அந்தப் படத்தை உலகெங்குமுள்ள வகுப்பறைகளுக்குக் கொண்டு சென்றவர் அவரே. கேள்வி நெகிழ்ச்சி, நுகர்வோர் மிகை, குறுங்காலம், நெடுங்காலம் என நாம் மனனஞ் செய்து பரீட்சை எழுதிய சொற்கள் யாவும் அவர் வழியாக வந்தவை. ஆயின் வளையிகளை வரைந்த அந்தக் கை, இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குள் இறங்கித் தொழிலாளரின் வேலையை அருகிருந்து பார்த்துக் குறிப்பெழுதிய கையுமாகும் என்பதை நம்மிற் பலர் அறியோம். ஒரு தொழில் ஏன் ஓர் ஊரில் வேர்கொள்கிறது, அவ்வூர் மக்கள் அதனை எவ்வாறு கற்கிறார்கள், அத்தொழில் நலிந்தால் ஊர் என்னவாகிறது என்பனவே அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்த வினாக்களுட் சில. ஊர்விட்டு ஊர்வந்து இங்கிலாந்தில் வாழும் நமக்கு அவ்வினாக்கள் அந்நியமானவை அல்ல என்பதாலேயே அவரது வாழ்க்கையை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

மார்ஷல் 1842 ஆம் ஆண்டு யூலை 26 ஆம் திகதி இலண்டனிற் பிறந்தார். அவரது மாணவரும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவருமான கெயின்ஸ் எழுதிய நினைவுக் கட்டுரையில் பிறந்த இடம் கிளப்பம் என்றே காணப்பட்டது. பல்லாண்டுகளின் பின்னர் பொருளியலறிஞர் றொனால்ட் கோஸ் பதிவேடுகளை ஆராய்ந்து, அவர் பிறந்தது தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பேமண்ட்சி என்று நிறுவினார். பேமண்ட்சி அக்காலத்திலே தோல் பதனிடுவோரின் ஊர். தோற் கிடங்குகளும் சுண்ணாம்புத் தொட்டிகளும் மரப்பட்டைக் குவியல்களும், அவற்றிலிருந்தெழும் நாற்றமும் அப்பகுதியின் அடையாளம். இன்றும் அங்குள்ள சில வீதிகளின் பெயர்கள் அத்தொழிலையே நினைவூட்டுகின்றன. ஒரே தொழில் ஒரே இடத்தில் திரண்டிருப்பதன் காரணத்தைப் பின்னாளில் ஆராயப் போகும் குழந்தை அத்தகைய ஓர் ஊரிலேயே பிறந்தமை தற்செயலே எனினும் சுவையான தற்செயல்.

தந்தையார் வில்லியம் மார்ஷல் இங்கிலாந்து வங்கியில் எழுதுவினைஞர். கடுமையான சமயப் பற்றும் அதனினுங் கடுமையான கண்டிப்பும் உடையவர். மகனை நள்ளிரவு வரை எபிரேய மொழி படிக்க வைத்தார். சதுரங்கம் ஆடுவதில்லையென உறுதி வாங்கினார். கணித நூலைக் கண்டாலே அவருக்கு வெறுப்பு. மகனோ கணிதத்திலேயே மனம் பறிகொடுத்தவன். தந்தை அறியாமற் கணிதம் படித்தான். ஒக்ஸ்போர்ட்டிற் புலமைப் பரிசில் பெற்று, இலத்தீனும் கிரேக்கமும் கற்று, குருவாகத் திருநிலை பெறும் பாதை அவனுக்காகத் திறந்திருந்தது. அதனை மறுத்து கேம்பிரிட்ஜ் சென் ஜோன்ஸ் கல்லூரிக்குச் சென்று கணிதம் பயில விரும்பினான். தந்தையிடம் அதற்குப் பணமும் இல்லை, மனமும் இல்லை. அவுஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை நடத்திச் செல்வம் ஈட்டிய உறவினர் சார்ள்ஸ் கடனாகக் கொடுத்த பணமே மார்ஷலைக் கேம்பிரிட்ஜில் நிறுத்தியது. பெற்றோர் விரும்பிய துறை ஒன்று, பிள்ளை விரும்பிய துறை வேறொன்று என்பது நம் சமுதாயத்துக்கு மட்டுமே உரிய கதையன்று எனத் தெரிகிறது.

1865 ஆம் ஆண்டு நடந்த கணித இறுதித் தேர்வில் மார்ஷல் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் பிற்காலத்தில் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு என்றால் அந்த இரண்டாமிடத்தின் பெறுமதி விளங்கும். பௌதிகத்தின் பக்கமே செல்லவிருந்த இளைஞர் மெய்யியலுக்கும் அறவியலுக்கும் திரும்பி, அங்கிருந்து பொருளியலுக்கு வந்து சேர்ந்தார். மனிதரின் வாழ்வு உயர வேண்டும் என்று பேசியபோதெல்லாம், பொருளியல் அறிந்தால் இவ்வாறு பேசமாட்டாய் என்று நண்பர் சிலர் தடுத்தனராம். அதன்பின் விடுமுறைகளில் பல நகரங்களின் ஏழைத் தெருக்களில் நடந்து, அங்குள்ளோரின் முகங்களைப் பார்த்துத் திரிந்தார். வறுமை தவிர்க்க முடியாததா என்ற வினாவுக்கு விடை காணும் வரை வேறெதனையும் படிப்பதில்லை என்ற முடிவுக்கு அந்த நடையே அவரைக் கொண்டு வந்தது. கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியில் வாழ்ந்து கெட்ட மனிதன் ஒருவனின் சிறிய ஓவியம் இருந்தது. சில ஷில்லிங்குகள் கொடுத்து அதனை வாங்கிக் கல்லூரி அறையில் தீமூட்டும் அடுப்பின் மேல் மாட்டி வைத்தார். வளையிகளையும் சமன்பாடுகளையும் அவர் அந்த முகத்துக்கு முன்னிருந்தே எழுதினார்.

1867 முதல் 1875 வரையிலான ஆண்டுகளைத் தமது தொழிற்பயிலுநர் காலமாக அவர் கருதினார். தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றால் முதலில் இயந்திரத்தைக் கவனிப்பார். அதன் முதன்மையான உறுப்புகளை மனத்திலே மீளக் கட்டிப் பார்க்கும் அளவுக்கு விளங்கிக்கொள்வார். பின்னர் ஒவ்வொரு வேலைக்கும் எத்துணைத் திறன், எத்துணை உடலுழைப்பு, எத்துணைப் பொறுப்பு வேண்டும் என்று கணித்து, அத்தொழிலாளிக்கு வாரக் கூலி எவ்வளவாயிருக்கும் என்று தாமே ஊகிப்பார். அதன் பிறகுதான் உடன்வருபவரிடம் உண்மையான கூலியைக் கேட்பார். பழகப் பழக ஊகம் உண்மையை நெருங்கியது. ஊகம் பிழைத்த இடங்களிலே ஏதோ ஒரு காரணம் மறைந்திருக்கிறது என்று கொண்டு அதனைத் தேடுவார். இன்று கள ஆய்வு என்று நாம் கூறுவதனை, அப்பெயர் வழக்கில் வருமுன்னரே அவர் செய்தார் எனலாம். 1875 இல் அமெரிக்கா சென்றபோதும் இதே பழக்கத்தோடு தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார்.

1877 இல் மேரி பேலியை மணந்தார். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு உயர்கல்வி தொடங்கியபோது முதலில் வந்து சேர்ந்த ஐவருள் மேரியும் ஒருவர். 1874 இல் அறவியற் பிரிவின் இறுதித் தேர்வை எழுதி ஆடவரோடு சமமாகத் தேறியவர். பெண் என்பதாற் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. மணமானோர் கல்லூரி உறுப்பினராயிருத்தல் ஆகாதென்ற அக்கால விதியால் மார்ஷல் கேம்பிரிட்ஜை விட்டு, புதிதாகத் தொடங்கிய பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபரானார். அங்கே இருவரும் கற்பித்தனர். 1879 இல் இருவர் பெயரிலும் ஒரு பாடநூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சிறுநீரகக் கல் நோய் மார்ஷலைப் பற்றியது. பதவியைத் துறந்து, 1881 இன் குளிர்காலத்தில் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகருக்குச் சென்றனர். விடுதியொன்றின் தட்டையான கூரைமீது வெயிலில் அமர்ந்து தம் பெருநூலை எழுதத் தொடங்கினார் மார்ஷல். அருகிலே மேரி நீர்வண்ண ஓவியம் தீட்டினார்.

1883 இல் ஒக்ஸ்போர்ட்டின் பலியல் கல்லூரியில், இந்தியக் குடியியற் சேவைக்குத் தெரிவான இளைஞர்களுக்குப் பொருளியல் கற்பிக்கும் பணி கிடைத்தது. நமது மண்ணின் அண்டை நிலத்தை ஆளச் சென்ற வெள்ளை அதிகாரிகளிற் சிலர் மார்ஷலிடம் பாடங் கேட்டுக் கப்பலேறியவர்கள். இந்திய நாணயம் பற்றி ஆராய்ந்த குழுவின் முன் 1899 இல் அவர் சாட்சியமும் அளித்தார். தம்மிடம் பயின்ற இந்தியர் ஒருவருக்கு 1909 இல் எழுதிய கடிதத்தில், ஓர் அரசாங்கம் செய்யக்கூடியதிலும் அதிகத்தை தாதா போன்ற தொழில் முனைவோர் இருபது பேர் இந்தியாவுக்குச் செய்வர் என்ற கருத்தினை வெளியிட்டார். அரசாட்சியின் நியாயத்தை அவர் கேள்விக்கு உட்படுத்தவில்லை என்பதனையும் நாம் கவனிக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் பொருளியற் பேராசிரியராயிருந்த பார்வையற்ற அறிஞர் ஹென்றி போசற் 1884 இற் காலமானபோது அப்பதவி மார்ஷலுக்கு வந்தது. 1908 வரை அங்கேயே இருந்தார். 1890 இல் பொருளியற் கோட்பாடுகள் என்னும் அவரது பெருநூல் வெளியாயிற்று. அவர் வாழ்நாளிலேயே எட்டுப் பதிப்புகள் கண்டது அந்நூல். அதன் நான்காம் பகுதியின் பத்தாம் அதிகாரத்தை இப்போது பலர் தேடிப் படிக்கிறார்கள். நெடுங்காலம் அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. குறிப்பிட்ட தொழில்கள் குறிப்பிட்ட இடங்களிலே திரள்வது ஏன் என்பதே அவ்வதிகாரத்தின் பொருள்.

காஞ்சிபுரம் என்றதும் பட்டு, பத்தமடை என்றதும் பாய் நம் நினைவுக்கு வருவதுபோல, ஷெபீல்ட் என்றதும் ஆங்கிலேயருக்குக் கத்தி நினைவுக்கு வரும். 14 ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சோசர் தம் கதையொன்றிற் குறிப்பிடும் அளவுக்கு ஷெபீல்ட் கத்தி அன்றே பெயர் பெற்றிருந்தது. அங்கே கத்தி பிறந்ததற்கு முதற் காரணம் இயற்கை. சாணைக்கல்லுக்கு ஏற்ற கரடுமுரடான மணற்கல் சுற்றியுள்ள குன்றுகளில் உண்டு. சாணையைச் சுழற்ற விரைந்தோடும் ஆறுகள் உண்டு. உலைக்கு விறகும் நிலக்கரியும் உண்டு. ஆயின் நீராவி வந்தபின் ஆற்றின் தேவை குறைந்தது. நல்ல இரும்பு சுவீடனிலிருந்து வரவழைக்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்ற பின்னரும் தொழில் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. அது ஏன் என்பதே மார்ஷல் தொடுத்த வினா.

அவர் கண்ட விடை மூன்று இழைகளால் ஆனது. ஒரு தொழில் நெடுங்காலம் நிலைத்த ஊரில், தேர்ந்த தொழிலாளியைத் தேடும் முதலாளியும் வேலை தேடும் தொழிலாளியும் அலைய வேண்டியதில்லை. இருவரும் அங்கேயே இருப்பர். அடுத்து, அத்தொழிலுக்குக் கருவி செய்வோர், மூலப்பொருள் விற்போர், சரக்கைக் கொண்டு செல்வோர் என்று துணைத் தொழில்கள் அதனைச் சுற்றி முளைக்கும். தனியொரு சிறு பட்டறையால் வாங்கிக் கட்டாத விலையுயர்ந்த இயந்திரத்தைக்கூட, பல பட்டறைகளின் வேலையை ஏற்றுச் செய்பவர் ஒருவர் வாங்கி நடத்த முடியும். ஷெபீல்ட்டிலே இதனை நன்கு காணலாம். தீட்டுவோர் ஒருவர், சாணை பிடிப்போர் ஒருவர், பிடி பொருத்துவோர் ஒருவர் எனச் சிறு கைவினைஞர்கள் ஒரே கட்டடத்தில் அறையும் சக்கரமும் வாடகைக்கு எடுத்துத் தத்தம் கூறினை மட்டுஞ் செய்தனர். ஒரு கத்தி விற்பனைக்கு வருமுன் பல முற்றங்களைக் கடந்து வந்தது.

மூன்றாவது இழையே மிக நுட்பமானது. தொழிலின் இரகசியங்கள் அத்தகைய ஊரில் இரகசியங்களாக இருப்பதில்லை என்று மார்ஷல் கண்டார். அவை ஊரின் காற்றிலே கலந்துவிடுகின்றன. சிறுவர்கள் தாம் கற்கிறோம் என்று அறியாமலே அவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல வேலை எது என்று அயலவர் அறிந்து பாராட்டுவர். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டால் மற்றவர் அதனை எடுத்துத் தம் கருத்தையும் சேர்ப்பர். அதிலிருந்து இன்னொன்று பிறக்கும். கற்றலும் புதுமையும் தனி மனிதரின் மூளைக்குள் மட்டும் நிகழ்வன அல்ல, ஓர் ஊருக்குள்ளும் நிகழ்வன என்பதே இதன் சாரம்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். வார இறுதியில் இரண்டு மணி நேரம் தமிழ் பயிலும் நம் பிள்ளைகளை நினைக்குமிடத்து மார்ஷலின் இக்கருத்து நம்மைத் தைக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த நமக்குத் தமிழ் பேச எவரும் வகுப்பு நடத்தவில்லை. சந்தையிலும் கோயில் வீதியிலும் கிணற்றடியிலும் அது இருந்தது. நாம் மூச்சு விட்டோம், மொழி வந்தது. இங்கோ அந்தக் காற்றையே சனிக்கிழமைதோறும் ஒரு மண்டபத்துக்குள் உண்டாக்க வேண்டியிருக்கிறது. மார்ஷல் மொழிபற்றி எழுதவில்லை, தொழில்பற்றியே எழுதினார். எனினும் பிள்ளை தமிழில் தடுமாறும்போது குறை பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ மட்டும் இல்லை என்பதனை அவரைப் படித்தபின் நாம் தெளிவாக உணர்கிறோம்.

புலம்பெயர்ந்தோரைப் பற்றியும் மார்ஷல் மறக்கவில்லை. பிளெமிஷ் நெசவாளரும் பிரான்சின் ஹியூகனொற்றுகளும் சமயக் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்தபோது, தம் கைத்திறனையும் உடன் கொண்டு வந்ததை அவர் எடுத்துக் காட்டுகிறார். 1685 இல் பிரெஞ்சு மன்னன் அவர்களது வழிபாட்டு உரிமையைப் பறித்தபின் வந்தோரிற் பலர் கிழக்கு இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிற் குடியேறிப் பட்டு நெய்தனர். அவர்கள் தனித்தனியே நாடெங்கும் சிதறியிருந்தால் பட்டுத்தொழில் அங்கு வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே. திறன் மனிதரோடு பயணஞ் செய்யும். ஆனாற் பலராகச் சேர்ந்து வாழுமிடத்திலேதான் அது மறுபடி தழைக்கும்.

மார்ஷல் நன்மையை மட்டும் கண்டவரல்லர். இரும்புத் தொழில் நடக்கும் ஊர்களில் வலிய ஆடவருக்கே வேலை; அவர்களது கூலி உயர்ந்திருக்கும். பெண்களுக்கு வேலையில்லாமையாற் குடும்பத்தின் மொத்த வருமானம் தாழ்ந்திருக்கும். ஒரே தொழிலை நம்பிய மாவட்டம், அத்தொழிலின் பொருளுக்குக் கேள்வி குன்றினாலோ மூலப்பொருள் நின்றாலோ முழுவதும் படுத்துவிடும். அவர் கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த நாளிலேயே அத்தகைய துயரமொன்று நிகழ்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை பருத்தி வரத்துத் தடைப்பட, லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டு இலட்சக்கணக்கானோர் நிவாரணத்தை நம்பி வாழ நேர்ந்தது. ஷெபீல்ட்டின் சாணைக்காரரோ தொழில் செழித்த நாளிலும் கல்லின் தூசியைச் சுவாசித்து நெஞ்சு நோயால் இளவயதிலேயே மடிந்தனர். ஊரின் காற்றில் கைத்திறன் மட்டும் கலந்திருக்கவில்லை.

மார்ஷல் கூறியதற்கு அவர் காலத்திலேயே ஷெபீல்ட் ஓர் உதாரணத்தைத் தந்தது. ஹரி பிறியர்லி 1871 இல் அங்கு உருக்கு வார்க்கும் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவர். 12 வயதிற் பள்ளியை விட்டு, ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலைக்குச் சென்றார். இரவில் தாமாகப் படித்தும், பகலில் உலைக்காரரின் பேச்சைக் கேட்டும், படிப்படியாக உயர்ந்து ஆய்வுகூடத்தின் தலைவரானார். 1913 இல் துப்பாக்கிக் குழாய்கள் விரைவில் தேய்வதைத் தடுக்கக் குரோமியம் கலந்த உருக்கினைப் பரிசோதித்தபோது, அவ்வுருக்கு எளிதில் அரிக்கப்படவில்லை என்பதைக் கவனித்தார். துப்பாக்கி செய்வோருக்கு அதில் அக்கறை இல்லை. கத்திகளின் ஊரில் பிறந்த பிறியர்லிக்கோ கத்திக்கு இது உகந்ததாகும் என்று உடனே தோன்றியது. அவ்வூரின் கத்திப் பட்டறை ஒன்றிலிருந்த ஏர்னஸ்ற் ஸ்ருவேட் அவ்வுலோகத்தை வினாகிரியால் சோதித்து, பலமுறை முயன்று கத்தியாக்கினார். கறைபடாதது என்று அதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயரும் அவர் வாயிலிருந்தே பிறந்தது. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று பாத்திரமாகப் புழங்குவது அந்த உருக்கின் இனமே. இவ்விருவரும் வெவ்வேறு நகரங்களில் இருந்திருந்தால் அந்தத் துண்டு உலோகம் ஏதோ ஒரு மேசையிற் கிடந்திருக்கவும் கூடும்.

கல்வியைப் பற்றி மார்ஷல் கொண்டிருந்த நம்பிக்கை பெரிது. மனிதரிடம் இடும் முதலே எல்லா முதலினும் மதிப்பு மிக்கது என்பது அவர் கொள்கை. ஏழைகளின் குழந்தைகளிடம் பிறந்து, பயிற்றப்படாமலே அழியும் ஆற்றலை நாட்டின் மாபெரும் விரயமாகக் கருதினார். 1891 இல் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழுவில் அங்கம் வகித்துத் தொழிலாளரின் சாட்சியங்களைக் கேட்டார். 1903 இற் கேம்பிரிட்ஜில் பொருளியலுக்குத் தனித் தேர்வு ஏற்படக் காரணமாயிருந்தார்.

ஆயின் அவர் வாழ்வில் நாம் மூடி மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. இளமையிற் பெண் கல்விக்கு ஆதரவாயிருந்தவர், 1896 ஆம், 1897 ஆம் ஆண்டுகளிற் பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கும் பிரேரணை வந்தபோது அதனை முன்னின்று எதிர்த்தார். தம் சொந்த மனைவி அப்பல்கலைக்கழகத்தின் தேர்வில் தேறியவர் என்பது அவரைத் தடுக்கவில்லை. இருவரும் சேர்ந்தெழுதிய நூலையும் பின்னர் வழக்கிலிருந்து அகற்றித் தாமே எழுதிய நூலொன்றை 1892 இல் அதனிடத்தில் வைத்தார். ஏழைச் சிறுவனின் ஆற்றல் வீணாவதைக் கண்டு வருந்திய கண்ணுக்கு, அடுத்த அறையிலே இருந்த ஆற்றல் தெரியவில்லை. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகையவற்றை விட்டுவிடுவது வழக்கம், நாம் விடவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948 இல். மேரி 1944 இற் காலமாகிவிட்டார்.

1919 இல், 77 ஆவது வயதில், தொழிலும் வணிகமும் என்னும் நூலை மார்ஷல் வெளியிட்டார். ஜேர்மனி தொழினுட்பக் கல்வியாலும் அமெரிக்கா ஒரே தரத்திற் பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் முறையாலும் முன்னேறி வருவதை அதில் விரிவாக ஆராய்ந்தார். தந்தையர் ஈட்டிய தலைமையைப் பிள்ளைகள் உழையாமல் அனுபவிக்க எண்ணியதனையும் பிரித்தானியா பின்தங்கியதன் காரணங்களுள் ஒன்றாகக் கண்டார். 1924 யூலை 13 ஆம் திகதி, 82 வயது நிறைய இருவாரம் இருக்கையில், கேம்பிரிட்ஜிலுள்ள தமது இல்லத்தில் உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற நூல்களைக் கொண்டமைந்த மார்ஷல் நூலகத்தில் மேரி ஏறக்குறைய இருபதாண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். எண்பது வயது கடந்த பின்னரும் துவிச்சக்கர வண்டியிலேயே அங்கு சென்று, மாணவருக்கு வேண்டிய நூல்களை எடுத்துக் கொடுத்தார்.

அதன்பின் அரை நூற்றாண்டு பெருந்தொழிற்சாலைகளின் காலம். சிறு பட்டறைகளின் ஊர் பழங்கதை என்றே அறிஞர் பலர் எண்ணினர். 1970களில் பெருநிறுவனங்கள் தள்ளாடியபோது, இத்தாலியின் நடுப்பகுதிச் சிற்றூர்கள் மட்டும் செழிப்பதைப் புளோரன்ஸ் நகரப் பேராசிரியர் ஜியாக்கொமோ பெக்கற்றினி கண்டார். பிராற்றோ என்னும் கம்பளித் துணி நகரில் நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர் எல்லோரும் தனித்தனிச் சிறு நிறுவனத்தார். இதனை விளக்க அவர் எடுத்த கருவி மார்ஷலின் அந்தப் பழைய அதிகாரமே. 1979 இல் வெளிவந்த அவரது கட்டுரைக்குப்பின் கைத்தொழில் மாவட்டம் என்னும் கருத்து உலகெங்கும் மறுபிறவி எடுத்தது. கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கையும் பொஸ்ரன் நகரப் பகுதியையும் ஒப்பிட்டு அனலீ சக்செனியன் 1994 இல் எழுதிய நூலும், ஒரு நகரிற் பிறந்த கண்டுபிடிப்புரிமையை அந்நகரத்தவரே பெரிதும் மேற்கோள் காட்டுகின்றனர் என்று 1993 இல் வந்த ஆய்வும் அவர் கண்ட காற்றினை அளந்து பார்க்கும் முயற்சிகளே. இணையமும் தொலைபேசியும் தூரத்தை அழித்துவிடும் என்றோர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கணினி வல்லுநர்கள்கூட ஒருவர் அருகில் ஒருவர் இருக்கவே அதிக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழகத்தின் திருப்பூரும் மார்ஷலின் கண்ணால் ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று. பனியன் பின்னலில் தொடங்கி, 1980களின் பின் உலகச் சந்தைக்கு ஆடை அனுப்பும் நகராக அது வளர்ந்தது. பின்னுவோர், சாயமிடுவோர், வெட்டுவோர், தைப்போர், அச்சிடுவோர், பெட்டி செய்வோர் எனக் கூறுகூறாகப் பிரிந்த ஆயிரக்கணக்கான சிறு கூடங்கள் அங்குண்டு. முன்னாள் தொழிலாளர் பலர் அங்கேயே முதலாளிகளாயினர். பொறியியற் பட்டம் பெறாத ஒருவர் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே ஊசி உடைந்ததைக் கூறுவார். மார்ஷல் எழுதிய நன்மை யாவும் அங்குண்டு, தீமையும் உண்டு. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து, கீழ்க்கரை உழவர்களின் நிலத்தைப் பாழாக்கியது. 2011 சனவரியிற் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயம் நின்றதும் வெட்டுவோருக்குத் துணி வரவில்லை. தைப்போருக்கு வேலை இல்லை. பெட்டி செய்வோர் கை கட்டியிருந்தனர். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்த தொழிலாளர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர்.